எழுபத்திரண்டு கிலோவுக்கான காற்று

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறாளே என்று கடிதத்தைப் பிரிக்காமல் வீசிவிடாதே. சண்டை உனக்கும் என் வீட்டுக்காரருக்கும்தான். நடுவில் நான் எந்தப் பக்கம் நின்றாலும் அடி எனக்கு என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய மலை சைக்கிளுக்கு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வேண்டும். நீ கழற்றிய நாளிலிருந்து அந்த சைக்கிள் படிக்கட்டுக்கு அடியில் முன்சக்கரம் இல்லாமல் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. இந்த ஊரில் கடைக்கா பஞ்சம்? எங்கேயும் போய் வாங்கவில்லை. நானே ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்டதற்கும் "வேணாம் விடு" என்றுவிட்டார். போன வாரம் முகம் மழித்துக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்: "உங்கண்ணனுக்கு எழுதிக் கேளு. அந்த சைக்கிளுக்கு எந்த ஃபோர்க் போடணும்னு அவனுக்குத்தான் தெரியும்." உன் பேச்சை எடுத்ததே இந்த மூன்று வருடத்தில் முதல் தடவை. 

போன் பண்ணலாமே என்பாய். எங்கள் வீடு உனக்குத் தெரியும். சமையலறையில் முணுமுணுத்தால் கூடத்தில் கேட்கும். அவர் இப்போது லீவில் வீட்டோடு இருக்கிறார். பதிலை என் தையல் கடை விலாசத்துக்கே எழுது.

அண்ணிக்கு என் அன்பு.

வாலு

மார்ச் 9

வாலு,

உறையைப் பார்த்ததுமே அண்ணி சொல்லிவிட்டாள், "கோழி கிளறின மாதிரி இருக்கு, உங்க தங்கச்சிதான்" என்று. 

அவனை மாப்பிள்ளை என்று எழுத எனக்குக் கை வராது. உன்னைக் கட்டுவதற்கு முன்பே பத்து வருடம் "டா" போட்டுப் பழகியவன். ஒரே சைக்கிள் கடை, ஒரே பட்டறை மேசை. நடந்ததை நீ அவன் வாயால் கேட்டிருப்பாய். என் வாயால் ஒரு தடவை கேட்டுக்கொள். அன்றைக்கு சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம். ஒரு ஆள் ஃபோர்க் உடைந்து வந்து நின்றார். மறுநாள் அவருக்குப் போட்டி. அந்த அளவில் கடையில் ஒன்றுகூட இல்லை. உன் வீட்டுக்காரன் சைக்கிள் கொக்கியில் தொங்கியது. கேட்காமல் கழற்றி மாட்டிவிட்டேன், திங்கட்கிழமை திரும்பி வந்துவிடும் என்ற நம்பிக்கையில். அந்த ஆள் ஊரை விட்டே போய்விட்டார். நான்கு வருடம் சொட்டுச் சொட்டாக எண்ணெய் மாற்றி, தன் கைக்கு ஏற்றபடி அவன் பழக்கி வைத்திருந்த ஃபோர்க் அது. அவன் கத்தியிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். கடைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அவ்வளவுதான்.

சரி, வேலையைப் பார்ப்போம். சக்கரம் எத்தனை அங்குலம், ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் குழாய் மேலும் கீழும் ஒரே அகலமா, கீழே பருத்ததா, பிரேக் டிஸ்க்கா, ரிம்மிலா என்று பார்த்து எழுது. எல்லாவற்றுக்கும் மேலே, அவன் எடை. ஷூ, துணியோடு சேர்த்து.

எடையை ஏன் கேட்கிறேன் என்றால், ஆள் ஏறி உட்கார்ந்ததுமே ஃபோர்க் அமுங்க வேண்டும், தான் மொத்தம் அமுங்கக்கூடிய தூரத்தில் கால் பங்கு. அதற்குக் குறைந்தால் பாதையில் இருக்கும் ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டில் வந்து பேசும். கூடினால் இறக்கத்தில் ஆள் தலைகுப்புறப் போவான். ஃபோர்க்கின் காலில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். எவ்வளவு அமுங்கியது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே உத்தேசமாகச் சொல்லாதே, நிறுத்துப் பார்த்துச் சொல்.

அண்ணன்

மார்ச் 14

அண்ணா,

இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். இருபது வருடமாக மனிதர்களை அளக்கிறவளுக்கு ஒரு சைக்கிளை அளக்கத் தெரியாதா? சக்கரம் இருபத்தாறு. குழாய் மேலும் கீழும் ஒரே அகலம். பிரேக் டிஸ்க்.

எடை எழுபத்திரண்டு.

இன்னொன்று கேட்க வேண்டும். பிற்பாடு எடை கூடினாலோ குறைந்தாலோ அதற்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளும் வகை ஏதாவது இருக்கிறதா? டாக்டர் அவரைக் கொஞ்சம் இளைக்கச் சொல்லியிருக்கிறார்.

எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். தண்ணீர்த்தொட்டி மேட்டுப் பாதையிலாம். நீங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை போய் முட்டியைத் தேய்த்துக்கொண்டு வருவீர்களே, அதே பாதை.

வாலு

மார்ச் 24

வாலு,

அவன் இளைக்கிறானா? கல்யாண நாளில் சட்டை பட்டனைப் பிடித்து இழுத்துப் போட்டவன். நல்லது, நடக்கட்டும்.

நீ அனுப்பிய அளவைக் கேட்டு மொத்த வியாபாரி சிரித்தான். இருபத்தாறு அங்குல சக்கரம், நேர்க்குழாய், இதெல்லாம் இப்போது யாரும் செய்வதில்லையாம். மூன்று கிடங்கு ஏறி இறங்கினேன். கடைசியில் மூன்று அகப்பட்டன. ஒன்று நூற்று அறுபது மில்லிமீட்டர் அமுங்குவது. பாறையிலிருந்து குதிக்கிறவர்களுக்கு அது. அவன் சைக்கிளுக்குப் போட்டால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், மேட்டில் ஏறவே விடாது. இன்னொன்று நூறு மில்லி, உள்ளே இரும்புச் சுருள் வில். கனம்தான், ஆனால் வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டாலும் ஓடும். என் இஷ்டத்துக்கு விட்டால் அதைத்தான் அனுப்பியிருப்பேன். ஆனால் வில் ஒரு எடைக்குத்தான் பொருந்தும். எடை மாறினால் வில்லையே மாற்ற வேண்டும். நீ கேட்டதற்குப் பொருந்துவது மூன்றாவது. நூற்று இருபது மில்லி, உள்ளே வில்லுக்குப் பதில் காற்று. சின்னக் கைப்பம்பால் ஏற்றலாம், இறக்கலாம். அதையே எடுத்துவிட்டேன், பம்பையும் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

எழுபத்திரண்டு கிலோவுக்குக் காற்றை நானே வைத்துவிட்டேன், பம்பின் மீட்டரில் தொண்ணூறு. அவன் உடம்பு எனக்குத் தெரியும், கொஞ்சம் முன்னால் சாய்ந்து ஓட்டுவான். அதற்கும் சேர்த்துத்தான். வளையம் இரண்டு விரல் அகலம் இறங்கும். இறங்காவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

நேரில் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். பஸ் நேரம்கூடப் பார்த்தேன். வாசலில் நிற்கவைத்துக் கதவைச் சாத்தினால் இந்த மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? பார்சலில் வருகிறது.

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா,

இதை எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று கடைக் குப்பைக்கூடைக்குத்தான் தெரியும்.

நான் உன்னிடம் பொய் சொன்னேன். எழுபத்திரண்டு என்பது போன வருடத்து எடை. ஆஸ்பத்திரிச் சீட்டில் இப்போது ஐம்பத்தொன்று. அவர் லீவில் இல்லை. வயிற்றில் கட்டி வந்திருக்கிறது. அறுக்க முடியாத இடம் என்கிறார்கள். பெரிய டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு, "மழைக்காலம் வரைக்கும்னு வச்சுக்குங்கம்மா" என்றார். அவரிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். வீட்டு எடை மிஷின் கெட்டுப்போச்சு என்று எடுத்து ஒளித்துவிட்டேன். பேண்ட் இடுப்பை இதுவரை மூன்று தடவை பிடித்துத் தைத்தாயிற்று. தொளதொளப்பு தெரியக் கூடாதே. மூன்றாவது தடவை பின்பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. அதையும் பிரித்துத் தள்ளி வைத்தேன். அதனால்தான் உனக்கும் பழைய அளவையே எழுதினேன். எழுபத்திரண்டு என்று எழுதும்போது அவர் எழுபத்திரண்டாகவே இருக்கிற மாதிரி இருந்தது. வேறு காரணம் கிடையாது.

பார்சல் வந்த அன்று, "யாரு கொண்டுவந்தா?" என்று கேட்டார். கூரியர்காரர் என்றேன். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனை சைக்கிள் கடைக்காரர் வந்து மாட்டிக்கொடுத்தார். கூடத்திலேயே சுவரைப் பிடித்து அவரை ஏற்றி உட்காரவைத்தோம். இறங்கியதும் குனிந்து வளையத்தைப் பார்த்தார். அரை விரல்கூட இறங்கவில்லை, அண்ணா.  இப்போது புரிந்துகொள்வார், எல்லாம் போச்சு என்று நின்றேன்.

அவர் சிரித்தார். "உங்கண்ணன் காத்த அதிகமா அடிச்சு வச்சிருக்கான் பாரு. எழுது அவனுக்கு. காத்து தப்புன்னு எழுது. இத்தன வருஷம் வேல பாத்தவன் வச்ச காத்தா இதுன்னு நான் கேட்டேன்னு எழுது." அதே வார்த்தையில் எழுதினாயா என்று மறுநாளும் கேட்டார்.

உன் மேல் பழி விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிம்மதியாகக்கூட இருந்தது. என்னை மன்னிப்பாயோ மாட்டாயோ, காற்றை எப்படி இறக்குவது என்று மட்டும் எழுது.

வாலு

ஏப்ரல் 6

வாலு,

கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையைச் சாத்தினேன். அண்ணி காரணம் கேட்டாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உன் மேல் கோபம் இல்லை. வேறு யார் வந்து நான் வைத்த காற்று தப்பு என்று சொல்லியிருந்தாலும், ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று கேட்டிருப்பேன். அவனிடம் அதைச் சொல்ல முடியுமா? இத்துடன் இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அவனுக்குப் படித்துக் காட்டு. பழி என்னிடமே இருக்கட்டும். ஏற்கெனவே ஒன்றைச் சுமக்கிறேன், இதில் என்ன கனம் கூடிவிடப்போகிறது?

இடது காலின் உச்சியில் ஒரு மூடி இருக்கும், திருகி எடு. நடுவில் இருக்கும் முள்ளைக் கத்தரி நுனியால் தொட்டால் சீறும். தொட்டுத் தொட்டு எடு. பம்பை மாட்டி மீட்டரைப் பார்த்து, ஐம்பத்தொன்றுக்கு அறுபது வரை இறக்கு. ஃபோர்க் கம்பெனியின் எடை அட்டவணை ஐம்பத்தைந்து கிலோவில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே என் கை உத்தேசம்தான்.

நான் வரட்டுமா? ஒரு வார்த்தை சொல்.

அண்ணன்

(அவனுக்குப் படிக்க வேண்டியது)

காற்று தப்புதான். தப்பு என்னுடையதுதான். மீட்டரைச் சரியாகப் பார்க்கவில்லை, இப்போதெல்லாம் கண் முன்போல் இல்லை. மன்னித்துக்கொள். சரிசெய்யும் விதத்தைத் தங்கச்சிக்கு எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 13

அண்ணா,

நீ நன்றாக இருக்க வேண்டும். படித்துக் காட்டினேன். "அவனா இப்படி எழுதியிருக்கான்?" என்றார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். தாளை வாங்கித் தானே ஒரு தடவை படித்தார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீ இறங்கி வந்ததில் மனசு குளிர்ந்துவிட்டது போல, அன்று முழுக்க அமைதியாக இருந்தார்.

காலையில் அவர் குளியலறையில் இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை எடுக்கிறேன். நேற்று உட்கார்ந்தபோது வளையம் இரண்டு விரல் இறங்கியது. "பாத்தீங்களா, நீங்க அப்படியேதான் இருக்கீங்க" என்றேன். "ஆமா, அப்படியேதான் இருக்கேன்" என்றார். சந்தோஷத்தில் சமையலறைக்குப் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன்.

நீ வர வேண்டாம், அண்ணா. கெஞ்சிக் கேட்கிறேன். உன் முகத்துக்கு ஒளிக்கத் தெரியாது. அவரைப் பார்த்ததும் நீ ஒரு நொடி திகைப்பாய், அதை அவர் பார்ப்பார். இத்தனை நாள் நான் பிடித்துத் தைத்ததெல்லாம் அந்த ஒரு நொடியில் பிரிந்துவிடும்.

இப்போது நாற்பத்தேழு. அதற்கு எவ்வளவு இறக்க வேண்டும்? இன்னும் குறைந்தால்?

வாலு

ஏப்ரல் 19

வாலு,

நாற்பத்தேழுக்கு ஐம்பது. அதற்குமேல் என்னைக் கேட்காதே. நாற்பதுக்குக் கீழே போனால் அந்த ஃபோர்க் நிற்காது, சைக்கிளின் எடைக்கே அமுங்கி உட்கார்ந்துவிடும். அவனுக்காக மூன்று கிடங்கு தேடினவன் நான். இனி எங்கே போய்த் தேடினாலும் அவனுக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்று கிடைக்காது. 

நீ வேண்டாம் என்றாலும் 28ஆம் தேதி வருகிறேன். கண்ணாடி முன்னால் நின்று முகத்தைப் பழக்கிக்கொண்டு வருகிறேன். தப்பாக வைத்த காற்றைச் சரிபார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். வாசலிலேயே நிற்கவைத்தாலும் நின்றுவிட்டுப் போகிறேன்.

அண்ணன்

மே 16

அண்ணா,

நீ வருகிறேன் என்று எழுதிய கடிதம் தையல் கடையில் கிடந்தது. எல்லாம் முடிந்து, நீயும் வந்து போன பிறகுதான் அதைப் பிரித்தேன்.

நீ வந்தபோது வீடு நிறைய ஆட்கள். உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு இடமும் இல்லை, தைரியமும் இல்லை. இப்போது எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

ஏப்ரல் இருபதாம் தேதி காலை வலி தாங்க முடியாமல் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். அவர் சைக்கிளைக் கைகாட்டி, "காத்த பழையபடி ஏத்தி வை. தொண்ணூறு" என்றார். நான் அந்த எண்ணை அவரிடம் சொன்னதே இல்லை. 

"குளியலறைக் கதவு என்ன இரும்பா? அந்த முள்ளு சீறுற சத்தம் எனக்குத் தெரியாதா?" என்றார். "உங்கண்ணன் சரியாத்தான் வச்சிருந்தான். ஏறி உக்காந்த ஒடனே தெரிஞ்சுபோச்சு, எழுபத்திரண்டுக்கு வச்சிருக்கான்னு. நீ பழைய எடைய எழுதிட்டேன்னும் தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் தப்புன்னு எழுதச் சொன்னீங்க?"

"அவன் வருவான்னுதான். ஃபோர்க் கேட்டதே அதுக்குத்தான். கையோட கொண்டுவந்து மாட்டுவான்னு நெனச்சேன். பார்சல்ல அனுப்பிட்டான். சரி, காத்து தப்புன்னு சொல்லுவோம், அவனால அத மட்டும் தாங்க முடியாது, சட்டையக்கூட மாத்தாம பஸ் ஏறிருவான், சண்ட போடவாவது வருவான்னு பாத்தேன். என் தப்புதான், மன்னிச்சுக்கோன்னு எழுதிட்டான். வேண்டாதவங்ககிட்டதான அப்படிப் பேசுவோம்? அன்னிக்கே விட்டுட்டேன்."

வா என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.  நீயும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை, இரண்டு பேருக்கும் வீராப்பு. நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? வருகிறேன் என்று கிளம்பியவனை வராதே என்று நிறுத்தினேன். அவர் உன்னை எதிர்பார்த்துப் படுத்திருந்த நாளிலெல்லாம் நான் காற்றை இறக்கிக்கொண்டிருந்தேன்.

நான் அவரிடம் சொன்னேன், அண்ணா. "அவன் வரேன்னுதான் கேட்டான். நான்தான் வேணாம்னு எழுதினேன். அந்த மன்னிப்பும் என் பொய்ய மறைக்கத்தான்." ஆம்புலன்ஸில் காதருகே ஒரு தடவை சொன்னேன். ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் இன்னொரு தடவை சொன்னேன். கண் மூடியிருந்தது. கேட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்டது, தலையை ஆட்டினார் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. இத்தனை பொய் எழுதிய கைதானே, இதையும் எழுதிவிடும். எழுத மாட்டேன். அவர் அசையவில்லை.

மூன்றாம் நாள்தான் அண்ணிக்குப் போன் செய்யத் தோன்றியது. நீ வந்து சேர்ந்தபோது விரிப்புகூட இல்லாத வெறுங்கட்டிலைத்தான் பார்த்தாய் என்று நர்ஸ் பிறகு சொன்னார்.

காற்றை அன்றைக்கே ஏற்றிவிட்டேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பம்பை மாட்டி, அவர் பார்த்துக்கொண்டிருக்க, மீட்டர் முள் தொண்ணூறில் நிற்கும் வரை அடித்தேன். "போதும்" என்றார். என்னிடம் அவர் தெளிவாகப் பேசிய கடைசிச் சொல் அதுதான்.

நீ என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது.

வாலு

மே 22

வாலு,

திட்ட வரவில்லை. இரண்டு தடவை பேனாவை எடுத்துப் பார்த்தேன்.

அன்றைக்கு எல்லோரும் கூடத்தில் இருந்தபோது நான் சைக்கிள் பக்கம் போனேன். பழக்க தோஷம், ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் ஒரு அழுத்து அழுத்தினேன். நான் வைத்த காற்று அப்படியே இருந்தது. நீ இறக்கி வைத்ததாக எழுதியிருந்தாயே, இது எப்படி என்று ஒரு கணம் விளங்கவில்லை. யாரையும் கேட்கும் நேரமா அது? பேசாமல் வந்துவிட்டேன். இப்போது விளங்குகிறது.

மார்ச் மாதம் பஸ் நேரம் பார்த்தேன் என்று எழுதினேன் இல்லையா? பார்த்தது மட்டும் இல்லை. ஃபோர்க்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பும் நேரத்தில் இறங்கிவிட்டேன். இறங்கி நேரே கூரியர் ஆபீசுக்கு நடந்தேன். அண்ணிக்கும் இது தெரியாது. உன் பொய்யைவிட இது பெரியது. நீயே எல்லாவற்றையும் சுமந்துகொண்டு திரியாதே.

சைக்கிளை என்ன செய்வது என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சும்மா நின்றாலும் காற்று தானாகக் கசியும். அடுத்த வருடத்துக்குள் வெறும் கால்தான் மிஞ்சும். ஏற்ற வேண்டாம், விட்டுவிடு.

நேற்று ஒரு வாடிக்கையாளருக்கு ஃபோர்க் மாட்டி, காற்று வைத்துக் கொடுத்தேன். ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நீங்க வச்சா அதுல என்னண்ணே பாக்க இருக்கு" என்று போய்விட்டார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் வைத்த காற்று தப்பு என்று என் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான் இருந்தான்.

அண்ணன்